குளவிக்கு முந்நூற்று இருபது

ஒரு டாலர். பதினொரு குளிர்காலத்தின் இரைச்சலுக்கும் புகைக்கும், இரண்டு பேரின் இளமைக்கும் சேர்த்து நோட்டரி போட்ட விலை அது.

விவாகரத்தில் வீடு, விறகுக்காடு, மான்கறி வைக்கும் ஃப்ரீசர் எல்லாம் சத்தமில்லாமல் பிரிந்துவிட்டன. பழைய மஞ்சள் பனிவண்டி மட்டும் பிரிய மறுத்தது. எஞ்சின் ஜாம் ஆகிக் கிடந்த வண்டி. காயலான் கடைக்காரனே காசு கேட்டுத்தான் தூக்கிப்போவான் என்றார் நோட்டரி. இருந்தும் புருஷன் கயெத்தான் ட்ரெபானியே, "எனக்கு வேணும்," என்றான். முரியெல், "எனக்குத்தான்," என்றாள். நோட்டரிக்குச் சாப்பாட்டு நேரம். ஒரு டாலர் என்று எழுதி, யார் முதலில் மேஜையில் வைக்கிறீர்களோ அவர்களுக்கு என்று பேனாவை மூடினார். கயெத்தான் சட்டைப்பையைத் தடவி முடிப்பதற்குள் முரியெல்லின் டாலர் மேஜைமேல் உட்கார்ந்திருந்தது. அவள் வண்டி ஓட்டுகிறவள், அவன் எஞ்சின் பார்க்கிறவன். யாருக்குக் கை முந்தும் என்பதில் என்ன ஆச்சரியம்?

அதற்கப்புறம் முப்பது பனிக்காலத்துக்கு மேல் வந்து போய்விட்டது. வண்டி முரியெல்லின் கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. முரியெல் நடுவில் ஒரு பேங்க் ஆபீசரைக் கட்டி, நல்லபடியாக வாழ்ந்து, அவரையும் அடக்கம் பண்ணியாயிற்று. கயெத்தான் யாரையும் கட்டவில்லை. அவன் பட்டறையில் எப்போதும் ஐந்தாறு எஞ்சின்கள் திறந்து கிடக்கும், அவனுக்கு அந்தச் சகவாசமே போதுமாக இருந்தது. ஊர் ஒன்றுதான். கோவிலிலும் கூட்டுறவுக் கடையிலும் பார்த்தால் தலையசைப்பார்கள். தலையசைப்புக்குச் செலவில்லை.

போன ஜனவரியில் ஒரு நாள் காலையில் போன் வந்தது.

"கயெத்தான், உசுரோட இருக்கியா?"

"போனை எடுத்தது யாருன்னு நெனச்ச?"

"குளவியைப் பிரிக்கணும்."

குளவி என்பது வண்டிக்கு அவள் வைத்த பேர். அந்தப் பேரை அவள் வாயால் கேட்டு எவ்வளவோ நாளாகியிருந்தது. கயெத்தான் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த பட்டாணி சூப்பை இறக்கி வைத்துவிட்டு வந்தான்.

"எதுக்கு?"

"ரோசேர் வாயை அடைக்கணும். வேற எதுக்கு?"

ரோசேர் அவள் தங்கை புருஷன், ஊரில் கார் கராஜ் வைத்திருப்பவன். பிப்ரவரித் திருவிழாவில் உறைந்த பெர்ட்ரான் ஏரிமேல் பழைய வண்டிகளுக்கென்று ஒரு ஓட்டம் உண்டு. ஒவ்வொரு வண்டியாகத் தனியாகப் போகும், முடிவுக் கோட்டருகில் ராடார் வைத்து வேகம் எடுப்பார்கள். சர்க்கார் கிலோமீட்டருக்கு மாறியும் ஏரி மாறவில்லை, அங்கே இன்னும் மைல்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தேழில் குளவிமேல் முரியெல் போட்ட எழுபத்தொன்பது மைலை நாற்பது வருஷமாக ஒருத்தரும் தொடவில்லை. போன வருஷம் ரோசேர் எண்பத்தொன்று போட்டான். போட்டுவிட்டுச் சும்மா இருந்தானா? கராஜ் பலகையில் எண்பத்தொன்று, டிரக் கதவில் எண்பத்தொன்று, தபால்பெட்டியில் எண்பத்தொன்று. தபால்காரி வீட்டு நம்பர் மாறிவிட்டதென்று நினைத்துக் கடிதத்தையெல்லாம் திருப்பி அனுப்பினாள். வருஷப்பிறப்பு விருந்தில் இறைச்சி வைத்துச் சுட்ட மாவுப் பண்டத்தை வெட்டும்போது, "அக்காவுக்கு எழுபத்தொன்பது கிராம் போதும், பழக்கமான நம்பர்" என்றானாம்.

"நான் ஓட்டறேன். நீ எஞ்சினைப் பாரு," என்றாள் முரியெல். "அப்போ மாதிரியே."

அப்போ மாதிரியே. அதில்தான் முள் இருந்தது. எண்பத்துநாலாம் வருஷம், லா சார் ஊர் இறுதி ஓட்டத்தில், குளவி எல்லாருக்கும் முன்னால் போய்க்கொண்டிருந்தபோது, கோடு கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் பிஸ்டன் பிடித்துக்கொண்டது. எஞ்சின் ஒரே ஒரு தடவை கத்திவிட்டு நின்றது. அவன் பெட்ரோலைக் குறைத்து வைத்துத் தொலைத்தான் என்றாள் அவள். ஆக்ஸிலரேட்டரிலிருந்து விரலை ஒரு நொடி எடுத்திருந்தால் பிழைத்திருக்கும், இவளுக்கு எடுக்கவே தெரியாது என்றான் அவன். ஊர் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. கல்யாணம் அடுத்த வருஷத்தைத் தாண்டவில்லை. ஆகவே கயெத்தானுக்கு ரோசேர் தோற்பது இரண்டாம் பட்சம். வண்டி இந்தத் தடவை முழுசாகத் திரும்பி வரவேண்டும், தன் எஞ்சினை அவள்முன் இன்னொரு தடவை சாகவிடக்கூடாது. அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

"கொண்டா," என்றான்.

டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு வந்தாள். தார்ப்பாயை எடுத்ததும் கொட்டகை வாசனை, எலி வாசனை. அதற்கும் அடியில் மெலிதாக, எரிந்த விளக்கெண்ணெய் வாசனை. அந்தக் காலத்தில் பந்தய எஞ்சினுக்குப் பெட்ரோலில் விளக்கெண்ணெய்தான் கலப்பார்கள். கயெத்தான் குனிந்து புகைக்குழாய் வாயில் மூக்கை வைத்தான். அங்கேயே கொஞ்சநேரம் இருந்தான். ஞாயிற்றுக்கிழமைகள், டிரக்கின் முன்சீட்டில் ஒருத்தர் தோளில் ஒருத்தர் சாய்ந்து தூங்கிய தூக்கம், டப்பாவில் உறைந்துபோன பீன்ஸ், சீசன் தொடக்கத்தில் பாதிரியார் வண்டிகளுக்குத் தீர்த்தம் தெளிக்கும்போது அது விழுமுன்பே மணியாக உறைந்து எஞ்சின் மூடிமேல் டக் டக்கென்று விழுந்த சத்தம்.

"மூக்கை எடு, எலி கடிக்கும்," என்றாள் முரியெல். ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, பிளாஸ்கைத் திறந்தாள்.

உண்மையிலேயே எலி இருந்தது. புகைக்குழாய்க்குள் குடும்பம் நடத்திய தடயம் ஒரு கூடை வந்தது. சிலிண்டரைக் கழற்றினான். இரண்டில் ஒரு பிஸ்டன், புகை வெளியேறும் பக்கத்தில் மேலிருந்து கீழே உழுத வயல் மாதிரி கீறியிருந்தது. கயெத்தான் அதைக் கந்தல் துணியில் சுற்றி அலமாரியில் வைத்தான். அவளும் பார்த்தாள். காபி ஊற்றினாள்.

மூன்று வாரம் வேலை நடந்தது. சிலிண்டரைக் கடைந்து, ஒரு அளவு பெரிய பிஸ்டன் போட்டான். கிராங்க் ஷாஃப்டின் இரண்டு முனையிலும் ரப்பர் சீல் பொரித்த அப்பளமாக நொறுங்கியது, அதை மாற்றினான். பெட்ரோல் டேங்கில் பழைய பெட்ரோல் பிசினாகிக் கிடந்தது. ஆணிகளை உள்ளே போட்டுக் குலுக்கச் சொல்லி முரியெல் கையில் கொடுத்தான்.

"ஓட்டறவ கையில டேங்க்கைக் குடுத்துக் குலுக்குன்னா சொல்றே?"

"உன் ரெண்டாவது புருஷன் உன்ன உக்காரவெச்சுக் கெடுத்துட்டாரு. குலுக்கு."

"அவர் பாவம். அவர் கார்ல ஏறினா ரேடியோகூடச் சத்தம் போடாது."

சிலிண்டரின் உள்வாசல்களை அவன் அரத்தால் ஒரு மயிரிழை அகலப்படுத்தினான். கிளச்சின் ஸ்பிரிங்கைக் கொஞ்சம் கடினமாகப் போட்டான், எஞ்சின் நன்றாக வேகமெடுத்துப் பாடத் தொடங்கிய பிறகே கிளச் கவ்வவேண்டும் என்று. சறுக்குச்சட்டத்தின் அடித்தகட்டை மாற்றினான். பெல்ட்டில் வெடிப்பு இருக்கிறதா என்று விரல்விட்டுத் தடவிப் பார்த்து, ஒவ்வொரு வெடிப்புக்கும் கோவில் பீடத்துச் சாமான் ஒவ்வொன்றாகச் சொல்லித் திட்டினான். எங்கள் பக்கத்தில் திட்டென்றால் அப்படித்தான், கிண்ணம், பேழை, அப்பம் என்று. பாதிரியார் பூசைக்குச் சாமான் எடுத்து வைக்கிறாரா, கயெத்தான் வண்டி பார்க்கிறானா என்று வெளியே நிற்பவனுக்குத் தெரியாது.

வியாழக்கிழமை, திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்னால், சோதனை ஓட்டம். காற்று மென்மையாக, மைனஸ் ஒன்பதில் இருந்தது. முரியெல் ஏரியை ஒரு தடவை முழு வேகத்தில் கடந்து, நடுவிலேயே எஞ்சினை அணைத்தாள். கயெத்தான் மூச்சிரைக்க நடந்து போய், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நுனியைப் பார்த்தான். நாக்கில் நோய் பார்க்கிற வைத்தியன் மாதிரிதான் பிளக்கைப் பார்ப்பதும். கருப்பென்றால் பெட்ரோல் மிஞ்சிவிட்டது, வெளுப்பென்றால் காற்று மிஞ்சி எஞ்சின் வேகிறது. இது நல்ல பால் காபி நிறம்.

"எப்படி?"

"குடிக்கலாம்."

அவள் நம்பர் கேட்கவில்லை. கேட்கவும் கூடாது. கார்புரேட்டருக்குள் பெட்ரோல் போகிற பித்தளைத் துளை, அதை ஜெட் என்பார்கள், அதன் அளவு எஞ்சின்காரனுக்கும் ஆண்டவனுக்கும் மட்டுந்தான். ஓட்டுகிறவர்களுக்குச் சொன்னால் வண்டி திரும்பி வராது என்பது எங்கள் பக்கத்துச் சாத்திரம். பதினொரு குளிர்காலமும் முரியெல் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை.

சனிக்கிழமை விடிகாலையில் வீட்டுச் சுவர்களில் ஆணிகள் குளிருக்குப் பட் பட்டென்று வெடித்தன. கயெத்தான் கண்ணைத் திறக்காமலே கணக்குப் போட்டான். முப்பதுக்குக் கீழே. எழுந்து தெர்மாமீட்டரைப் பார்த்தான். மைனஸ் முப்பத்திரண்டு. குளிர்ந்த காற்று கனமான காற்று. அதே துளை வழியே அதே பெட்ரோல்தான் வரும், காற்று மட்டும் கூட வரும். ஏழை வீட்டில் விருந்தாளி கூடின மாதிரி. அப்படிப் பெட்ரோல் போதாத எஞ்சினுக்கு ஒரு குணம் உண்டு. சாவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் அது வாழ்நாளிலேயே வேகமாக ஓடும்.

ஏரிமேல் ஊரே நின்றது. ஆவியும் புகையும், வறுத்த வெங்காய வாசனையும். ரோசேர் நரித்தோல் தொப்பியில், கொட்டாவி விடுகிற மாதிரிச் சிரித்துக்கொண்டு வந்தான்.

"வாங்க சகலை. பழைய சகலையா, புதுச் சகலையா, எப்படிக் கூப்பிடறதுன்னு தெரியல."

"உன் தபால்பெட்டியைக் கூப்பிடற மாதிரி கூப்பிடு," என்றான் கயெத்தான். "நம்பர் சொல்லி."

முரியெல்லை டிரக்கின் பின்பக்கம் அழைத்துப்போனான். இருமல் மிட்டாய் டப்பாவில் ஜெட்டுகள். விரலில் ஒட்டாமலிருக்க டப்பாவை அக்குளில் வைத்துச் சூடு பண்ணிக்கொண்டு வந்திருந்தான்.

"முரியெல். நம்பரைச் சொல்லப்போறேன்."

அவள் சிலுவை போட்டுக்கொண்டாள். "சொல்லாத."

"முந்நூறு இருக்கு. வியாழக்கிழமைக் காத்துக்கு அது சரி. இந்தக் காத்துக்குப் பெரிய துளை, முந்நூத்தி முப்பது வேணும்."

ஓட்டுகிறவளுக்குச் சாத்திரம் உடைந்ததும் தைரியம் வந்துவிட்டது. "முப்பது போட்டா எவ்வளவு போகும்?"

"எழுபத்தெட்டு. காத்து தள்ளினா எழுபத்தொம்பது. வண்டி வீட்டுக்கு வரும்."

"முந்நூறே இருந்தா?"

"எண்பத்திரண்டு, எண்பத்திமூணு. கோட்டுக்கு முன்னாடி செத்துப்போகலேன்னா."

அவள் கையுறையைக் கழற்றி, மறுபடி மாட்டினாள். ரோசேரின் சிரிப்பு பனிமேல் வழுக்கி அதுவரைக்கும் கேட்டது.

"லா சார்ல என்ன இருந்துது?" என்றாள்.

கேட்பாள் என்று அவனுக்குத் தெரியும். சொல்லாமல் இருக்க முப்பது வருஷம் பழகியிருந்தான். ஆனால் ஒரு நம்பரைச் சொன்ன வாய்க்கு இன்னொன்றை விழுங்குவது கஷ்டமாக இருந்தது.

"அன்னிக்கும் இப்படித்தான். காலையில தெர்மாமீட்டரைப் பார்த்தேன். மாத்தியிருக்கணும். வேகம் வேணும்னு தெரிஞ்சேதான் விட்டேன்."

முரியெல் அவனைப் பார்த்தாள். பிறகு அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்தான். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நீ காபி வாங்கப் போனே ஞாபகம் இருக்கா? அந்த நேரத்துல பிளக்கைக் கழட்டிப் பார்த்தேன். முட்டை ஓடு மாதிரி வெள்ளை. அப்படியே திருப்பி மாட்டி இறுக்கிட்டேன்."

"எனக்குச் சொல்லல."

"சொன்னா நீ மாத்தியிருப்ப. எனக்கும் வேகம்தான் வேணும்."

"அப்புறம் ஊர் முழுக்க என்னைச் சொன்னே."

"நீ என் விரலைச் சொன்னே. என் விரல் உனக்கு என்ன பண்ணிச்சு?"

கயெத்தான் டப்பாவைக் கோட்டுக்குள் செருகினான். தெரிந்தே கலப்படம் பண்ணின இரண்டு பங்காளிகள், கடை மூழ்கினதும் ஆளுக்கொரு கோர்ட்டில் நின்று மற்றவனைக் கைகாட்டியிருக்கிறார்கள். சாட்சிக்குப் போன ஊர்க்காரர்களில் பாதிப்பேர் இப்போது உயிரோடுகூட இல்லை. ஒலிபெருக்கியில் அவள் பேரைக் கூப்பிட்டார்கள்.

"முந்நூத்தி பத்து," என்றாள் முரியெல்.

"முப்பது."

"பத்து. கடைசியில சோக்கைத் தொட்டுப் பெட்ரோல் கூட்டிக்கறேன்."

"உன் கை சோக்குக்குப் போகாது. உன் கையை எனக்குத் தெரியும்."

"பத்து போட்டா அவன் வாயை அடைக்கலாம், கயெத்தான்."

"வாயை அடைச்சிட்டு வண்டியை வாளியில அள்ளிட்டுப் போகணும். முப்பது."

"பதினஞ்சு."

"பதினஞ்சுன்னு ஒண்ணு டப்பாவுல கிடையாது. சந்தைன்னு நெனச்சியா?"

சந்தையேதான். மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்துப் பேசுகிற மாதிரி, அவன் கோட்டுக்கு அடியில் டப்பா, அவள் கை அதன் மூடிமேல். இரண்டு பேர் மூச்சும் ஒரே ஆவியாக எழுந்தது. மறுபடி பேரைக் கூப்பிட்டார்கள்.

"இருபது," என்றான்.

"இருபது," என்றாள்.

வெறுங்கையால் இரண்டு கார்புரேட்டரிலும் மாற்றினான். பித்தளை தோலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்துக்கொண்டது. கிண்ணம், பேழை, அப்பம். முரியெல் கயிற்றை ஒரு இழுப்பு இழுத்தாள். குளவி எழுந்தது.

அந்தச் சத்தத்துக்கு ஊரில் வயசானவர்கள் எல்லாரும் தலையைத் திருப்பினார்கள். அதைக் கேட்டு எத்தனையோ காலமாகியும் காது மறக்கவில்லை. யாரோ ஒரு கிழவி, "முரியெல் போறா," என்றாள், நேற்றுப் போனவள் இன்றும் போகிற மாதிரி. எஞ்சின் சூடேற ஐந்து நிமிஷம் விட்டாள். பிறகு குனிந்தாள். பனித்தூள் அவளுக்குப் பின்னால் மதில்போல் எழுந்தது.

கயெத்தான் பார்க்கவில்லை, கண்ணை மூடிக் கேட்டான். முதலில் கரகரப்பு. கிளச் கவ்வியதும் சத்தம் சீராகி ஒரே கம்பியாக நீண்டது. பாதித் தூரம். கம்பி இறுகியது. அவனுக்கு எழுபத்தேழாம் வருஷத்து முதுகு ஒன்று தெரிந்தது, சிவப்பு ஜாக்கெட்டும் பறக்கிற முடியுமாக. கடைசி நூறு அடிக்கு முன்னால் அந்தச் சத்தத்தில் ஒரு கூர்மை ஏறியது. கத்தியைச் சாணைக்கல்லில் வைக்கும்போது ஏறுமே, அந்த மாதிரி. லா சாரில் அவன் கேட்டதும் இதைத்தான். அதற்கு அடுத்தபடி என்னவென்று அவனுக்குத் தெரியும். மூடின கண்ணை இன்னும் இறுக்கினான்.

சத்தம் ஒரு கணம் தளர்ந்தது. ஒரே ஒரு கணம். பாடுகிறவள் மூச்சு வாங்குகிற இடைவெளிதான். மறுபடி இறுகி, கோட்டைத் தாண்டி, மெதுவாக, முழுசாக, உயிரோடு இறங்கியது.

முரியெல் விரலை எடுத்திருந்தாள்.

ஒலிபெருக்கி இருமியது. "எண்பது."

கூட்டம் கைதட்டியது, கையுறை கைதட்டல், தலையணை அடிக்கிற சத்தம். ரோசேர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடி வந்தான், தோற்றவர்களைத் தழுவ அவனுக்குப் பெரிய மனசு. "ஒண்ணு குறைச்சல் அக்கா! ஒண்ணே ஒண்ணு!"

"இவன் போட்ட ஜெட் பின்னால இழுத்துடுச்சு," என்றாள் முரியெல், ஹெல்மெட்டைக் கழற்றியபடி.

"இவ விரல எடுத்துட்டா," என்றான் கயெத்தான்.

ரோசேர் சந்தோஷமாகத் தலையாட்டினான். ஊர் மறுபடி இரண்டாகப் பிரிய இவ்வளவு போதும். இரண்டு கட்சிக்கும் அப்போதே ஆள் சேரத் தொடங்கிவிட்டது.

வண்டியை டிரெய்லரில் ஏற்றி, இரண்டு பேரும் டிரக்கின் முன்சீட்டில் ஏறி, ஹீட்டரைப் போட்டார்கள். கயெத்தான் பிளக்குகளைக் கழற்றிக்கொண்டு வந்திருந்தான். ஒன்று பால் காபி. இன்னொன்றில் பால் கொஞ்சம் தூக்கல், ஆனால் குடிக்கலாம். தோல் பிய்ந்த விரல்களால் அவளிடம் நீட்டினான். அவள் இரண்டையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சத்தத்துல காரம் ஏறுச்சு," என்றாள். "கை தானா எடுத்துடுச்சு. எனக்கே ஆச்சரியம்."

"எனக்கும்தான்."

வெளியே ரோசேர் யாருக்கோ விரலைத் தூக்கி ஒன்று என்று காட்டிக்கொண்டிருந்தான்.

"சரி, கணக்கைச் சொல்லு," என்றாள் முரியெல்.

"லா சார். உன் பேர்ல பாதி, என் பேர்ல பாதி."

"நேர். அடுத்தது?"

"எழுபத்தேழுல நாம எழுபத்தொம்பது. இன்னிக்கு அந்த ரெண்டு பேரவிட ஒரு மைல் ஜாஸ்தி. வரவு."

"ரோசேர்?"

"ஒரு மைல் பற்று. உன் விரல் பேர்ல எழுதட்டுமா?"

"பாதி உன் இருபது பேர்ல எழுது. பிஸ்டன்?"

"ரெண்டு. ரெண்டும் உசுரோட."

அவள் பிளக்குகளைக் கோட்டுப்பையில் போட்டுக்கொண்டாள். வரவு ஒரு மைல், பற்று ஒரு மைல், கைவசம் இரண்டு பிஸ்டன். இரண்டு பேருக்குள் எல்லாம் நேர். ரோசேருக்குக் கொடுக்கவேண்டியது மட்டும் ஒரு மைல் பாக்கி.